50 வோல்ட் காட்டிய பேட்டரி கார்

பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல் பாடத்துக்காக நாம் கரும்பலகையில் வரையும் மின்கலன் ஒரு குறையும் இல்லாதது. 12 வோல்ட் என்று எழுதிவிட்டால், அதிலிருந்து எத்தனை ஆம்பியர் எடுத்தாலும் அது 12 வோல்ட்தான். கணக்குப் போட அது வசதி. ஆனால் மாணவர் வீட்டுக்குப் போய் ஸ்கூட்டரின் செல்ஃப் பட்டனை அழுத்தும்போது முன்விளக்கு மங்குவதைப் பார்க்கிறார். "பேட்டரி வீக்" என்று அப்பா சொல்கிறார். மெக்கானிக் மீட்டர் வைத்துப் பார்த்தால் 12க்கு மேல் காட்டுகிறது. 12 வோல்ட் இருக்கும் பேட்டரி எப்படி வீக் ஆகும்?

விடை அகமின்தடை. நம் பாடநூல்களில் அது பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் விரிவாக வருகிறது. ஓம் விதி மட்டும் தெரிந்த பத்தாம் வகுப்பு மாணவர்கள் அதை அளந்தே கண்டுபிடிக்க முடியும். எங்கள் பள்ளிக்குப் பழைய பேட்டரி கார் ஒன்று வாங்கியபோது அதைச் செய்தோம். எப்படிச் செய்தோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கோல்ஃப் மைதானங்களில் ஓடுவதற்காக வெளிநாடுகளில் உருவான வண்டி இது. நம் ஊரில் வண்டலூர் உயிரியல் பூங்காவிலும் சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்திலும் பேட்டரி கார் என்ற பெயரில் பார்த்திருப்பீர்கள். எங்கள் பள்ளியில் கீழ்க் கட்டடத்துக்கும் மேல் கட்டடத்துக்கும் இடையே சுமார் 40 மீட்டர் சாய்வுப் பாதை. ஆய்வகமும் நூலகமும் மேலே. சக்கர நாற்காலியில் வரும் மாணவர்கள் இருவர். மழைக்காலத்தில் அவர்களைத் தள்ளிக்கொண்டு ஏறுவது தள்ளுபவருக்கும் ஆபத்து, உட்கார்ந்திருப்பவருக்கும் ஆபத்து. முன்னாள் மாணவர்கள் சேர்த்துக் கொடுத்த தொகை 1,40,000 ரூபாய். புது வண்டிக்கு அது போதாது. ஆறு பேர் உட்காரும் பழைய வண்டி ஒன்று 1,10,000 ரூபாய்க்குக் கிடைப்பதாகத் தகவல் வந்தது. "பேட்டரி எல்லாம் நல்லா இருக்கு, அப்படியே ஓட்டலாம்" என்றார் விற்பவர். இரண்டு நாள் பள்ளியிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளவும் ஒப்புக்கொண்டார்.

பழைய பேட்டரி காரில் விலை உயர்ந்த பொருள் மோட்டார் அல்ல, பேட்டரிதான். இந்த வண்டியில் 8 வோல்ட் பேட்டரிகள் ஆறு, தொடரிணைப்பில் 48 வோல்ட். புதிதாக ஆறு பேட்டரி வாங்க எங்களுக்குக் கிடைத்த விலைப்புள்ளி 84,000 ரூபாய். ஆகவே பேட்டரி நன்றாக இருந்தால் 1,10,000 நியாயமான விலை. கெட்டிருந்தால் அது வண்டிக்கூட்டை மட்டும் வாங்கும் விலை. கையில் இருந்ததோ ஊரார் பணம்.

யார் எதைத் தொடலாம்

தலைமையாசிரியர் அனுமதி கொடுத்ததும் முதலில் எழுதியது இந்தப் பட்டியலைத்தான். வண்டியின் இருக்கையைத் தூக்கி மீட்டர் முனையை வைப்பது எங்கள் ஊரில் வண்டிகளுக்கு வயரிங் செய்யும் எலக்ட்ரீஷியனும் நானும் மட்டும். மாணவர்கள் மீட்டரைப் படிப்பார்கள், எழுதுவார்கள், கணக்குப் போடுவார்கள். பேட்டரியின் அருகே வரும் யாருக்கும் மோதிரம், உலோக வளையல், கைக்கடிகாரம் கூடாது. 48 வோல்ட் என்பதால் ஷாக் அடிக்காது என்று அலட்சியமாக இருப்பவர்கள் உண்டு. இங்கே பயப்பட வேண்டியது குறுக்குச்சுற்றுக்கு. இரண்டு முனைகளுக்குக் குறுக்கே ஒரு ஸ்பேனர் விழுந்தால் அது பழுத்துச் சிவந்துவிடும். அதனால் ஸ்பேனரின் கைப்பிடி முழுக்க இன்சுலேஷன் டேப் சுற்றினோம். பேட்டரிக்குள் இருப்பது நீர்த்த கந்தக அமிலம். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் கட்டாயம், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், ஒரு பொட்டலம் ஆப்பசோடா. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவரும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றக்கூடியது என்பதால் வண்டியைத் திறந்த கொட்டகையில் நிறுத்தித்தான் சார்ஜ் போட்டோம்.

ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று: நம் ஆய்வக மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் பகுதியை இந்த வண்டியில் தொடரிணைப்பில் வைக்கக் கூடாது. ஏற்றத்தில் ஓடுவது 100 ஆம்பியர். அதற்குக் கிளாம்ப் மீட்டர் வேண்டும். கடையில் குறைந்த விலைக்குக் கிடைப்பவற்றில் பல, மாறுதிசை மின்னோட்டத்தை மட்டும்தான் அளக்கும். நேர்திசை மின்னோட்டமும் அளக்கும் மீட்டரை எலக்ட்ரீஷியன் கொண்டுவந்தார்.

நிற்கும்போது ஓர் அளவு, ஏறும்போது ஓர் அளவு

இரவு முழுக்கச் சார்ஜ் போட்டு, சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் விட்டு, வண்டி நின்ற நிலையில் ஆறு பேட்டரிகளையும் தனித்தனியே அளந்தோம். 8.4, 8.4, 8.3, 8.2, 8.4, 8.3. கூட்டினால் சரியாக 50 வோல்ட். வகுப்பில் ஒரே மகிழ்ச்சி. "48 போதும், 50 இருக்கே டீச்சர், வாங்கிடலாம்" என்றார்கள். நான்காவது மட்டும் ஏன் 8.2 என்று கேட்டேன். "0.2 தானே" என்று பதில் வந்தது.

அடுத்து, பெரியவர்கள் ஐந்து பேர் ஏறிக்கொண்டு சாய்வுப் பாதையில் ஓட்டினோம். ஓடும் வண்டியில் பேட்டரிக்குள் கை விட முடியாது. வண்டி நிற்கும்போதே ஒரு பேட்டரியின் இரு முனைகளிலும் நீளமான ஒயரைப் பொருத்தி மீட்டரை இருக்கைக்கு மேலே கொண்டுவந்தோம். ஓர் ஏற்றத்துக்கு ஒரு பேட்டரி என்று ஆறு முறை ஏறினோம். பாதையின் நடுவில் சுண்ணாம்புக் கோடு போட்டு, வண்டி அதைத் தாண்டும்போது படித்தோம். கிளாம்ப் மீட்டர் 98க்கும் 102க்கும் இடையே காட்டியது. 100 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டோம்.

பாதையோரம் நின்று மாணவர்கள் எழுதிய அட்டவணை இது:

1ஆம் பேட்டரி: நிற்கும்போது 8.4, ஏறும்போது 7.9
2ஆம் பேட்டரி: நிற்கும்போது 8.4, ஏறும்போது 7.9
3ஆம் பேட்டரி: நிற்கும்போது 8.3, ஏறும்போது 7.8
4ஆம் பேட்டரி: நிற்கும்போது 8.2, ஏறும்போது 5.6
5ஆம் பேட்டரி: நிற்கும்போது 8.4, ஏறும்போது 7.9
6ஆம் பேட்டரி: நிற்கும்போது 8.3, ஏறும்போது 6.3

நான்கு பேட்டரிகள் 0.5 வோல்ட் இறங்கின. நான்காவது 2.6 வோல்ட், ஆறாவது 2 வோல்ட். தொடரிணைப்பு என்பதால் ஆறிலும் ஒரே மின்னோட்டம்தான் ஓடுகிறது. அதை மாணவர்களே சொன்னார்கள். அப்படியானால் வித்தியாசம் பேட்டரிக்குள்தான் இருக்க வேண்டும். காணாமல் போன வோல்ட்டை மின்னோட்டத்தால் வகுக்கச் சொன்னேன். நல்ல பேட்டரிக்கு 0.005 ஓம், நான்காவதுக்கு 0.026 ஓம், ஆறாவதுக்கு 0.020 ஓம். ஓம் விதிக்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. அகமின்தடை என்ற சொல்லைக் கணக்கு முடிந்த பிறகுதான் கரும்பலகையில் எழுதினேன். இந்த வரிசையை நான் வலியுறுத்துவேன்: முதலில் எண், பிறகு பெயர்.

நிற்கும்போது இது ஏன் தெரியவில்லை என்பதற்குத் தெருக்குழாய் நல்ல உவமை. குழாய்க்குள் பாதி அடைத்திருந்தாலும், திருகை மூடியிருக்கும்வரை உள்ளே அழுத்தம் முழுதாகவே இருக்கும். திறந்துவிட்டால்தான் தண்ணீர் நூலாக வருவது தெரியும். வோல்ட்மீட்டர் எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் மிகமிகக் குறைவு. அது மூடிய குழாயைப் பார்ப்பது மாதிரி.

நான்காவது பேட்டரிக்குள் என்ன ஆயிற்று என்று பார்க்க ஹைட்ரோமீட்டர் வைத்தோம். ஒன்பதாம் வகுப்புப் பாய்மங்கள் பாடத்தின் மிதத்தல் விதி இங்கே கைகொடுக்கிறது. 8 வோல்ட் பேட்டரியில் நான்கு கலங்கள். முழுக்கச் சார்ஜ் ஏறிய கலத்தில் அமிலத்தின் ஒப்படர்த்தி 1.26ஐ ஒட்டி இருக்கும். எங்களுக்குக் கிடைத்தவை 1.250, 1.245, 1.130, 1.250. மூன்றாவது கலம் கிட்டத்தட்டத் தண்ணீர். இரவு முழுக்கச் சார்ஜ் போட்டும் அதில் சார்ஜ் ஏறவில்லை. ஆறாவது பேட்டரியிலும் ஒரு கலம் 1.160 காட்டியது. காரீய அமில பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்கும்போது இரண்டு தகடுகளிலும் காரீய சல்பேட் படிகிறது. சார்ஜ் போட்டால் அது மீண்டும் கரைந்து அமிலமாகும். சார்ஜ் இறங்கிய நிலையிலேயே மாதக்கணக்கில் போட்டுவைத்தால் சல்பேட் பெரிய படிகமாக இறுகிவிடும், பிறகு சார்ஜருக்கு மசியாது. இந்த வண்டி சில காலம் ஓடாமல் கொட்டகையில் நின்றது என்பதை விற்பவரே சொல்லியிருந்தார். ஓடித் தேய்ந்தால்தான் கெடும் என்று நாம் நினைக்கிறோம். பேட்டரி சும்மா நின்றும் கெடும்.

காணாமல் போன ஒரு வோல்ட்

ஏறும்போது எடுத்த ஆறு அளவுகளையும் கூட்டினால் 43.4 வோல்ட். ஏழாவது முறையாக ஏறி, முதல் பேட்டரியின் நேர்முனைக்கும் கடைசிப் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே அளந்தபோது 42.4 வந்தது. "ஒரு வோல்ட் எங்கே போச்சு?" என்று பின்வரிசை மாணவர் ஒருவர் கேட்டார். தேர்வில் தேறுவாரா என்று ஆசிரியர் அறையில் கவலைப்படும் பெயர்களில் ஒன்று அவருடையது. அன்று அந்தக் கேள்வியைக் கேட்டது அவர் மட்டும்தான்.

பேட்டரிகளை அடுத்தடுத்து இணைக்கும் கேபிள்கள் ஐந்து. கேபிளின் இரு நுனிகளுக்கு இடையே மீட்டர் வைத்தால் சுழி காட்ட வேண்டும் என்பது மாணவர்களின் எண்ணம். ஒவ்வோர் ஏற்றத்துக்கும் ஒரு கேபிளாக அளந்தோம். நான்கில் 0.05 வோல்ட். இரண்டாம், மூன்றாம் பேட்டரிகளை இணைக்கும் கேபிளில் மட்டும் 0.8 வோல்ட். நான்கு முறை 0.05 சேர்த்தால் 0.2, அதோடு 0.8. ஒரு வோல்ட் கிடைத்துவிட்டது.

எலக்ட்ரீஷியன் மீட்டரைப் பார்க்கவே இல்லை. வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, கையுறை போட்ட கையைக் கேபிள் முனைகளின் மேல் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வந்து, "இது சுடுது டீச்சர்" என்று அதே கேபிளில் நிறுத்தினார். ஜூல் வெப்ப விதியை அவர் படித்ததில்லை. 0.8 வோல்ட்டை 100 ஆம்பியரால் பெருக்கினால் 80 வாட். ஓர் இணைப்புக்குள் 80 வாட் குண்டு பல்பு எரிகிற சூடு. கழற்றிப் பார்த்தால் லக்கின் உட்புறம் முழுக்கப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. புது லக் அடித்து, முனையைத் தேய்த்து, முறுக்கி, வாசலைன் தடவிய பிறகு அங்கேயும் 0.05 வந்தது. ஒரு லக்கின் விலை ஒரு டீக்காசு. பழைய வண்டி வாங்குபவர்களில் பலர் மோட்டாரையும் கண்ட்ரோலரையும் சந்தேகப்பட்டுப் பணத்தைக் கொட்டுவது இப்படிப்பட்ட இணைப்புகளைப் பார்க்காமல்தான்.

மற்றவற்றில் சொல்ல அதிகம் இல்லை. மோட்டாரின் கார்பன் பிரஷ்கள் போதிய நீளம் இருந்தன. சொலினாய்டு சரியாக 'டக்' என்றது. பிரேக் ஷூ தேய்ந்திருந்தது, மாற்றினோம்.

வாங்கலாமா, வேண்டாமா

இரண்டு பேட்டரிதானே கெட்டிருக்கிறது, அதை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள் என்றார் விற்பவர். வகுப்பிலும் பாதிப் பேருக்கு அதே கருத்து. இது நல்ல விவாதம், பாட வேளை ஒன்று முழுக்க விட்டுவிட்டேன். தொடரிணைப்பில் எல்லாப் பேட்டரிகளுக்கும் ஒரே மின்னோட்டம். ஆனால் பழையவற்றில் கொள்ளளவு குறைந்திருக்கும், அவை முதலில் தீரும். தீர்ந்துபோன கலத்தின் வழியாகவும் மற்றவை மின்னோட்டத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தக் கலம் கொடுப்பதை நிறுத்திவிட்டுத் தலைகீழாகச் சார்ஜ் ஆகத் தொடங்கும். சார்ஜ் போடும்போதும் சிக்கல்தான். ஒரே சார்ஜர் புதியதையும் பழையதையும் ஒரே கணக்கில் நடத்துவதால் ஒன்றுக்குக் குறையும், இன்னொன்றுக்கு மிஞ்சும். ஆறையும் சேர்த்து மாற்றுவதுதான் முறை.

மாணவர்களுக்கு இது உவப்பாக இல்லை. வண்டி வேண்டும் என்ற ஆசையில், இப்போதைக்கு ஓடட்டும் என்றே வாதாடினார்கள். சக்கர நாற்காலியில் வரும் மாணவி எட்டாவது ஏற்றத்திலிருந்தே அட்டவணையைக் கையில் வைத்திருந்தார். பாதையில் தொடர்ந்து ஓட்டிக்கொண்டே போனதில் நான்காவது பேட்டரி ஏற்றத்துக்கு ஏற்றம் இறங்கி, கடைசியில் 3.9 வோல்ட்டுக்கு வந்திருந்தது. மொத்த வோல்ட் ஒரு வரம்புக்குக் கீழே போனால் கண்ட்ரோலர் மோட்டாருக்கு மின்சாரத்தை நிறுத்திவிடும் என்று அதற்கு முன்தான் சொல்லியிருந்தேன். "பாதி ஏத்தத்துல நின்னுட்டா என்னை யாரு டீச்சர் இறக்குவாங்க?" என்று கேட்டார். அதற்குப் பிறகு யாரும் வாதாடவில்லை.

பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி அந்த அட்டவணையை விற்பவர் முன் வைத்தார். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "பசங்க அளந்ததா?" என்றார். அவர் ஏமாற்ற வந்தவர் என்று நான் நினைக்கவில்லை. இந்தத் தொழிலில் பலர் செய்வதுபோல் நிற்கும் வண்டியில் மீட்டர் வைத்துப் பார்த்திருக்கிறார், 50 காட்டியிருக்கிறது. பேசிப் பேசி 62,000 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டார். பழைய பேட்டரிகளைத் திருப்பிக் கொடுத்ததில் 12,000 கழிந்து, புதிய ஆறுக்கும் 72,000 ஆனது. பிரேக், கேபிள், கூலி 4,500. ஆக மொத்தம் 1,38,500. கேட்ட விலைக்கே வாங்கிவிட்டுப் பிறகு பேட்டரி மாற்றியிருந்தால் அந்த இரண்டுக்கு மட்டும் 1,82,000 ஆகியிருக்கும், 42,000 ரூபாய்க்கு எங்கே போவது? இந்தக் கணக்கை எட்டாம் வகுப்புக்குக் கொடுத்தேன்.

பழைய பேட்டரியைக் காயலான் கடையில் போடக் கூடாது என்பதையும் மாணவர்களிடம் பேசினோம். காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழையவற்றைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உற்பத்தியாளர்களுக்கு இருக்கிறது. புதிது விற்ற கடையிலேயே கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டோம். குழுவில் தீர்மானம் நிறைவேற்றி, வண்டியை இருப்புப் பதிவேட்டில் ஏற்றியாயிற்று. வளாகத்துக்குள் மட்டுமே ஓடும், பொதுச் சாலைக்குப் போகாது. ஓட்டுவது அலுவலக உதவியாளரும் இரண்டு ஆசிரியர்களும்.

வண்டி இல்லாத பள்ளிக்கு

தொடக்கப் பள்ளியில் இதற்குப் பேட்டரி கார் தேவையில்லை. பொம்மைக் காரில் தீர்ந்துபோனது என்று தூக்கிப்போடும் பென்சில் செல்லைச் சுவர்க்கடிகாரத்தில் போடச் சொல்லுங்கள். பெரும்பாலும் வாரக்கணக்கில் ஓடும். "தீர்ந்துபோன செல் எப்படிக் கடிகாரத்தை ஓட்டுது?" என்ற கேள்வியை நான்காம் வகுப்பில் கேட்டுவிட்டு விடை சொல்லாமல் விட்டுவிடலாம். குழந்தைகளே "பொம்மைக்கு நிறைய வேணும், கடிகாரத்துக்குக் கொஞ்சம் போதும்" என்று வந்து சேர்வார்கள். நடுநிலை வகுப்பில் மல்டிமீட்டர் இருந்தால், அதே செல்லைத் தனியாகவும் டார்ச் பல்பை எரியவிட்டும் அளக்கலாம். புது செல்லுக்கும் பழைய செல்லுக்கும் தனியாக அளக்கும்போது உள்ள வித்தியாசத்தைவிட பல்பு எரியும்போது உள்ள வித்தியாசம் பெரிதாக இருக்கும். உயர்நிலை வகுப்பில் ஆசிரியரின் இருசக்கர வாகனம் போதும். ஸ்டார்ட் பண்ணும் முன் ஓர் அளவு, செல்ஃப் அழுத்தும் நொடியில் ஓர் அளவு. வண்டி நியூட்ரலில், சென்டர் ஸ்டாண்டில் இருக்கட்டும்.

புதிய பேட்டரிகளோடு அதே சாய்வில், அதே சுண்ணாம்புக் கோட்டில் எடுத்த முதல் அளவு: நிற்கும்போது ஒவ்வொன்றும் 8.5, ஏறும்போது 8.1. அகமின்தடை 0.004 ஓம். மாதம் ஒருமுறை ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் இதே அளவை எடுத்துக் குறிப்பேட்டில் எழுதுகிறார்கள். சார்ஜ் முடிந்த பிறகு தண்ணீர் மட்டம் பார்த்து, தகடுகள் மூழ்கும்படி டிஸ்டில்டு வாட்டர் நாங்கள் ஊற்றுகிறோம், குழாய்த் தண்ணீர் கிடையாது. போன மாதக் குறிப்பில் இரண்டாவது பேட்டரி ஏறும்போது 8.0 என்று இருக்கிறது. மீட்டர் செல் தீர்ந்ததாலா, பேட்டரியாலா, அன்று வண்டியில் ஆறாவது ஆளாகத் தலைமையாசிரியரும் ஏறியதாலா என்று வகுப்பில் இன்னும் முடிவாகவில்லை. அடுத்த அளவு வரும் வெள்ளிக்கிழமை.